ஒற்றைக் கோட்டுப் பாதை

ஞாயிற்றுக்கிழமை காலையில் பின்முற்றத்தில் ஸ்பானர் சத்தம் கேட்டால் என் கைவேலை அப்படியே நின்றுவிடும். என் கணவர் மோட்டார் சைக்கிளின் இடப்பக்கத்தில் குந்தி உட்கார்ந்து சாரி கார்டைக் கழற்றிக்கொண்டிருப்பார். பின்னால் உட்காரும் பெண்ணின் சேலை சக்கரத்தில் சிக்காமல் தடுக்கும் கம்பி வலை அது. அதன் கீழே, ஒருபக்கமாக உட்காருகிறவள் இரண்டு கால்களையும் வைத்துக்கொள்ள ஒரு நீளத் தகடு இருக்கும். இரண்டையும் கழற்றிச் சுவரில் சாய்த்துவிட்டு, குழந்தையின் கன்னத்தை ஒரு விரலால் தொட்டுவிட்டுக் கிளம்பிவிடுவார். திங்கட்கிழமை ஆபீஸ் போவதற்குள் அவை மறுபடி வண்டியில் ஏறியிருக்கும்.

தலைநகரில், ஆர்.கே.புரம் குவார்ட்டர்ஸில் எங்களுக்குக் கீழ்வீடு. அவருக்கு மத்திய சர்க்காரில் குமாஸ்தா வேலை. வாரம் முழுக்க ஃபைல்களோடு குனிந்திருக்கும் மனிதர், ஞாயிறன்று ஆபீஸ் நண்பர்கள் சிலரோடு முனிர்காவுக்கு அப்பால் இருக்கும் பாறைக்காட்டுக்குப் போய், ரோடே இல்லாத இடத்தில் வண்டி ஓட்டுவார். கீக்கர் என்கிற கருவேல முள்ளும் செம்மண்ணும், கல் வெட்டி எடுத்துவிட்டு அப்படியே விட்டுப்போன பள்ளங்களும் உள்ள காடு அது. முழங்கையில் சிராய்ப்போடு வருவார். ஒருமுறை பக்கக் கண்ணாடி இல்லாமல் வந்தார். எங்கே என்று கேட்டதற்கு, “நான் இங்கயே இருந்துக்கிடுதேன்னு அது சொல்லிட்டுது” என்று சிரித்தார். நானும் சிரித்தேன். சிரித்திருக்க வேண்டாமோ என்று பிறகு தோன்றியது.

அந்தக் கூட்டத்துக்குத் தலைவர் போன்றவர் அவரோடு வேலை பார்க்கும் ஒரு பஞ்சாபிக்காரர். எல்லோருக்கும் அவர் உஸ்தாத், வாத்தியார். என்னை அண்ணி முறையில் பாபிஜி என்பார். பாதை பிரியும் இடங்களில் உள்ள பாறைகளில் காவிக்கல்லால் கோடு போட்டு வைப்பது அவர் ஏற்படுத்திய வழக்கம். ஒரு கோடு என்றால் அகலமான, கெட்டியான மண். வண்டி ஓட்டத் தெரிந்த யாரும் போகலாம். இரண்டு கோடு என்றால் உருளும் சரளைக்கல், சரிவு, மழைநீர் அறுத்த வாய்க்கால். அங்கே சீட்டில் உட்காராமல் கால்தகடுகளின் மேல் எழுந்து நின்று ஓட்ட வேண்டும். மூன்று கோட்டுப் பாதையில் பாறைகள் படிபோல இருக்கும். மேலிருந்து பார்த்தால் அடி தெரியாது, நடுவில் திரும்பவும் முடியாது.

ஆளுக்கும் கோடு உண்டு. அதைத் தனக்குத்தானே போட்டுக்கொள்ளக் கூடாது, மற்றவர்கள் சொல்ல வேண்டும். சரிவில் பாதியில் நிறுத்தி, கால் தடுமாறாமல் மறுபடி கிளப்பத் தெரிய வேண்டும். இறக்கத்தில் பயந்து முன்பிரேக்கைப் பிடிக்காமல், தாழ்ந்த கியரிலேயே வண்டியை இறக்கத் தெரிய வேண்டும். அந்த வருஷம் மழைக்காலத்துக்கு முன்னால்தான் என் கணவர் இரண்டு கோட்டு ஆள் ஆகியிருந்தார். அதற்காக எங்களுக்கு மைசூர்பாகு வாங்கி வந்தார். ஆபீஸில் பிரமோஷன் வந்தபோதுகூட அந்த முகத்தை நான் பார்த்ததில்லை. அதனால்தானோ என்னவோ, வேண்டாம் என்று ஒருநாளும் வாய்விட்டுச் சொல்லவில்லை.

மழை விட்ட ஒரு ஞாயிறு. மெஹ்ரோலி பக்கம் உஸ்தாத் வீட்டில் எங்களுக்குச் சாப்பாடு. நான் பட்டுச்சேலை கட்டிக்கொண்டேன். நடக்கப் பழகிக்கொண்டிருந்த மகளை மடியில் இருத்தி, வழக்கம்போல ஒருபக்கமாக உட்கார்ந்தேன். முனிர்கா தாண்டியதும் வண்டி ரோட்டை விட்டு இறங்கியது.

“என்னங்க, இப்பிடியா போறது?”

“குறுக்கு வழிடி. நான் ஓட்டுற எடத்த நீயும் ஒருநாள் பாக்காண்டாமா?”

பாதை பிரியும் இடத்தில் வண்டியை நிறுத்தி, பாறையைக் காட்டினார். அதில் ஒரே ஒரு சிவப்புக் கோடு. மழையில் பாதி கரைந்திருந்தது.

“பாத்தியா, ஒத்தக் கோடு. நம்ம புள்ளகூட ஓட்டிரும்.”

கோட்டைப் பார்த்தேன். அவர் இரண்டு கோட்டு ஆள், பாதை ஒரு கோடு. இதில் பயப்பட என்ன இருக்கிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். படித்தவள்தானே நான், கணக்குத் தெரியாதவளா. ஆனாலும் கை தானாகவே குழந்தையை இறுக்கியது. அவள் முனகினாள்.

உள்ளே போகப் போக ரோட்டின் இரைச்சல் அடங்கியது. எங்கோ மயில் ஒன்று அலறியது. வண்டி குலுங்கும்போதெல்லாம் என் காலுக்கடியில் அந்தத் தகடு எதிலோ உரசும் ஓசை கேட்டது. இடப்பக்கத்தில் கல் வெட்டிய பள்ளம் தொடங்கியது. அவர் முன்னால் பாதையைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒருபக்கமாக உட்கார்ந்திருந்த எனக்குப் பாதையே தெரியவில்லை, பள்ளம் மட்டும்தான் தெரிந்தது. அடியில் பச்சை நிறத்தில் தண்ணீர். எங்கள் சக்கரம் தள்ளிய ஒரு கல் உருண்டு போய் அதில் விழுந்தது. சத்தம் வர நேரமாயிற்று.

“நிறுத்துங்க.”

“சரிவுல நிறுத்தினாத்தாம்டி ஆபத்து. செத்த சும்மா இரி.”

“அப்போ சமதளம் வந்ததும் நிறுத்துங்க. நாங்க இறங்கிக்கிடுதோம்.”

 அவர் முதுகு விறைத்தது தெரிந்தது. கெட்டியான இடம் வந்ததும் நிறுத்தினார்.

“ஒத்தக் கோட்டுக்கு இறங்குத ஆள இப்பத்தான் பாக்கேன்.”

“உங்களுக்கு ரெண்டு கோடு, சரி. எங்க ரெண்டு பேரையும் ஏத்திக்கிட்டா உங்களுக்கு எத்தன கோடு?”

சட்டென்று என் முகத்தைப் பார்த்தார். அப்புறம் சிரித்துவிட்டார். “வக்கீலுக்குப் படிச்சிருக்கலாம் நீ. உஸ்தாத் வீட்ல இதச் சொல்லி என் மானத்த வாங்கிராத, என்ன? அந்த வளைவு தாண்டி நிக்கேன். மெல்ல நடந்து வா.”

வண்டி போய்விட்டது. இடுப்பில் குழந்தையோடு, சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நடந்தேன். வீணாக அவரைச் சிறுமைப்படுத்திவிட்டேனோ என்றிருந்தது. இறங்காமலே இருந்திருந்தால் இந்நேரம் காட்டைத் தாண்டியிருப்போம். வளைவுக்கு அந்தப்பக்கம் எஞ்சின் சத்தம் ஏறியது, தணிந்தது, மறுபடி ஏறியது. பிறகு, இரும்பும் கல்லும் மோதுகிற ஒரு சத்தம். அதன் பிறகு ஒன்றுமே இல்லை.

கூப்பிட்டேன். மறுபடி கூப்பிட்டேன். ஓடவும் முடியவில்லை, குழந்தை இருந்தாள், செருப்பு வழுக்கியது. குழந்தை என் தாலியைப் பிடித்து இழுத்து விளையாடிக்கொண்டிருந்தாள்.

வளைவுக்கு அப்பால் மழை பாதையின் விளிம்பைத் தின்றிருந்தது. அகலப் பாதை என்று கோடு சொன்ன இடத்தில் ஒரு வண்டி போகும் அளவு மண்தான் மிச்சம். மண் கரைந்ததில் இடப்பக்கமாக ஒரு பாறை முனை வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. வண்டி அதன் மேல் குறுக்கே கிடந்தது, முன்சக்கரம் பள்ளத்துக்கு மேல் அந்தரத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. அவர் வலப்பக்கத்தில், மண்ணில் உட்கார்ந்திருந்தார். ஒரு கையை மற்றொரு கையால் தாங்கிப் பிடித்திருந்தார். முகம் வெளுத்திருந்தது.

“கழத்த மறந்துட்டேன்” என்றார்.

முதலில் புரியவில்லை. அப்புறம் வண்டியைப் பார்த்தேன். சாரி கார்டும் தகடும் பாறைக்கும் வண்டிக்கும் நடுவில் அப்பளமாக நசுங்கியிருந்தன. மறக்கவில்லை அவர். நான் வருகிறேன் என்றுதான் கழற்றாமல் விட்டிருந்தார்.

மணிக்கட்டு முறிந்திருந்தது. உஸ்தாத் மாவுக்கட்டைப் பார்க்க வந்தபோது, வழக்கமான கிண்டல் எதுவும் இல்லை. முற்றத்தில் வண்டிக்குப் பக்கத்தில் முட்டிபோட்டுத் தரைக்கும் நசுங்கிய தகட்டுக்கும் உள்ள இடைவெளியைக் கையால் அளந்தார்.

“பாபிஜி, ஆப் கஹாங் தீன்?” நீங்கள் எங்கே இருந்தீர்கள் என்று கேட்டார்.

இறங்கி நடந்தேன் என்றேன்.

கையில் ஒட்டிய மண்ணைத் தட்டிக்கொண்டு எழுந்தார். பிறகு தன் ஹிந்தியில் மெதுவாகச் சொன்னார்: கோடு போட்டதெல்லாம் வெறும் வண்டிக்கு, தனி ஆளுக்கு, காய்ந்த மண்ணுக்கு. நீங்களும் உட்கார்ந்திருந்தால் தகடு இன்னும் தாழ்ந்திருக்கும், இன்னும் பலமாக இடித்திருக்கும். என் கணவரிடம் திரும்பி, “இன்றிலிருந்து உனக்கு ஒரு கோடுதான் பாயி” என்றார். அவர் தலையாட்டினார். மறுவாரம் உஸ்தாத் பாதை பிரியும் இடத்துப் பாறையில் இரண்டாவது கோட்டையும் போட்டுவிட்டதாகக் கேள்விப்பட்டேன். அடுத்த மழைக்கு அதுவும் கரையும்.

கட்டுப் பிரித்ததும் வண்டிக்குப் புது சாரி கார்டு போட்டார். சில ஞாயிறுகள் வீட்டிலேயே இருந்தார், குழந்தையைத் தோளில் வைத்துக்கொண்டு மலை மந்திர் கோயில் படிகளில் ஏறினார். மண்பாதையைக் கண்டால், “இறங்குதியா?” என்று அவராகவே கேட்கப் பழகினார். சரியாகிவிட்டது என்று நினைத்தேன். இப்படி நினைப்பதே சரியா என்றும் நினைத்தேன்.

போன ஞாயிறு காலையில் தோசைக்கல்லைப் போட்டிருந்தேன். முற்றத்தில் ஸ்பானர் சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தால், சாரி கார்டு ஏற்கெனவே சுவரில் சாய்ந்திருந்தது. மகள் பக்கத்தில் நின்றுகொண்டு, கழற்றிய போல்ட்டுகளை ஒவ்வொன்றாக அவர் கையில் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

“பாத்து வாரேன், என்ன” என்றார், என்னைப் பார்க்காமல்.

“எத்தன கோடு?” என்று கேட்டேன்.

அவர் பதில் சொல்வதற்குள் குழந்தை இரண்டு விரலை உயர்த்திக் காட்டினாள்.