பொன்னாடைத் தட்டு

அமெரிக்காவில், ஃபிரிஸ்கோவில் வீடு வீடாகப் போய்ச் சமைக்கிறேன். இன்சூரன்ஸ் கிடையாது. இடது மார்பில் ஒரு கட்டி தட்டுப்பட்டது. யாரிடமும் சொல்லவில்லை.

அந்த வாரமே கோயில் ஹாலில் டாக்டர்கள் சங்கத்தின் பெண்கள் நல விழா. மார்பை இலவசமாகப் படம் எடுக்க ஒரு வேனும் வந்திருந்தது. சமையல் என்னுடையது. சாம்பார் சாதத்தை இறக்கி வைத்துவிட்டு வேனுக்குப் போனேன்.

வாசலில் நின்ற பெண், "கட்டி ஏதாச்சும் இருக்கா ஆன்ட்டி?" என்றாள்.

"இருக்கு. அதான் வந்தேன்."

"அச்சச்சோ. இது ஒண்ணும் இல்லாதவங்களுக்கு. கட்டி இருந்தா டாக்டர் பாத்து ஆர்டர் போடணும். வேற டெஸ்ட்."

"டாக்டருக்கு எங்க போறது?"

அவள் ஹாலைக் காட்டினாள்.

ஹால் நிறைய டாக்டர்கள். "ஒரு நாள்கூடத் தள்ளிப்போடாதீங்க" என்று தலைவர் மேடையில் வெகுநேரம் பேசினார். முன்னாள் தலைவரும் அதையே பேசினார்.

செயலாளர் என் கையில் பொன்னாடைத் தட்டைக் கொடுத்தார். "சும்மாதானே நிக்கறீங்க ஆன்ட்டி, இதைப் பிடிங்க."

மேடை ஏறினேன். தலைவர் சால்வைக்குக் குனிந்தார்.

"டாக்டர், மார்ல ஒரு கட்டி."

"நான் முட்டி டாக்டர்மா."

அடுத்தவர் கண் டாக்டர். அதற்கடுத்தவர், "நான் மயக்க மருந்து. சிரிங்க, போட்டோ எடுக்கறாங்க" என்றார்.

"லேடி டாக்டர் யாரும் இல்லியா?"

"இருக்காங்களே. அவங்கதான் விழாக் கமிட்டி தலைவி. கீழ சாப்பாட்டு டோக்கன் குடுக்கறாங்க பாருங்க."

தட்டோடு இறங்கிப் போய்ச் சொன்னேன். அந்த அம்மா டோக்கனை மேஜையிலேயே போட்டுவிட்டு எழுந்தார். ஸ்டோர் ரூமில், அரிசி மூட்டைகளுக்கு நடுவே, கதவைப் பூட்டிக்கொண்டு பார்த்தார். ஏசி குளிர். தட்டில் மிச்சமிருந்த ஒரே சால்வையை எடுத்து என் மேல் போர்த்தினார்.

"வலிக்குதா?"

"இல்ல."

அக்குளையும் தொட்டுப் பார்த்தார். மைக்கில் அவரைக் கூப்பிட்டார்கள். மறுபடியும் கூப்பிட்டார்கள். செயலாளர் வந்து கதவைத் தட்டினார்.

"மேடம், அடுத்த சால்வை உங்களுக்கு! தட்டைத் தூக்கிட்டு அந்த ஆன்ட்டி எங்கயோ போயிட்டாங்க!"

"தட்டு இங்கதான் இருக்கு. நானும் இங்கதான் இருக்கேன். போய் இன்னொரு ஸ்பீச் போடுங்க."

போட்டார்கள். பொருளாளர் பேசினார். அவரும் தள்ளிப்போட வேண்டாம் என்றார்.

அந்த அம்மா ஆர்டர் எழுதினார். இன்சூரன்ஸ் இல்லாதவர்களைப் பார்க்கும் இடத்துக்கு அவரே போன் செய்தார்.

கெட்ட கட்டிதான். எடுத்துவிட்டார்கள்.

விழாப் படத்தில் அவர் மட்டும் சால்வை இல்லாமல் நிற்கிறார். அது என்னிடம் இருந்தது. திருப்பிக் கொடுக்கப் போனேன், வாங்கவில்லை. கீமோ ஏற்றும் அறையும் குளிரும். அதைத்தான் போர்த்திக்கொள்வேன். சரிகை கொஞ்சம் குத்தும்.