அண்ணன் மூடாமல் வைத்திருந்த விமானம்

அண்ணன் நம்மை விட்டுப் போய் இந்த மாதத்தோடு ஒரு வருடம் ஆகிறது. நினைவு மலருக்கு ஏதாவது எழுதிக் கொடுங்கள் அத்தை என்று அவர் பிள்ளைகள் கேட்டார்கள். நல்லதாக நாலு வார்த்தை எழுதத்தான் உட்கார்ந்தேன். வந்தது என்னவோ பழைய எரிச்சல்தான். பெரியவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

அண்ணன் பிறந்தது திருவெள்ளறையில். அப்பா தவறியபோது அவருக்குப் பதினேழு வயது, எனக்கு எட்டு. அம்மா எங்கள் இருவரையும் அழைத்துக்கொண்டு ஸ்ரீரங்கம் ரயிலடிப் பக்கம் ஒற்றை அறை வீடு ஒன்றுக்குக் குடிவந்து, ரவிக்கை தைத்துக் கொடுத்துக் குடும்பத்தை நடத்தினார். அண்ணன் திருச்சி பெரிய கடை வீதியில் ஒரு வாட்ச் ரிப்பேர் கடையில் சேர்ந்தார். துக்கம் விசாரிக்க வந்த நீங்கள் எல்லோரும் அண்ணனின் பொறுமையைப் புகழ்ந்தீர்கள். அந்தப் பொறுமையோடு ஒரே அறையில் குடியிருந்து பார்த்திருந்தால் அப்படிப் புகழ்ந்திருக்க மாட்டீர்கள்.

ஐம்பதுகளின் கடைசியில் அண்ணனுக்கு டகோடா விமானப் பித்துப் பிடித்தது. ஞாயிற்றுக்கிழமை ஆனால் செம்பட்டு விமான நிலையத்துக்குப் போய் வேலிக்கு வெளியே நிற்பார். பிறகு அங்கே பெருக்கித் துடைக்கும் ஒருவரைப் பழக்கம் பிடித்து, விமானத்துக்கு உள்ளேயே ஏறிப் பார்த்துவிட்டு வந்தார். எங்களுக்குச் சனியன் பிடித்தது அன்றுதான். இரண்டடி நீளத்துக்குக் கல்யாண முருங்கைக் கட்டையைக் குடைந்து உடல் செய்தார். முதுகுப் பக்கத்தை மட்டும் தனியாக அறுத்து மூடியாக வைத்துக்கொண்டார். வெளியே வெள்ளி வர்ணம் அடித்து, இறக்கை, சக்கரம், காற்றாடி எல்லாம் ஒரே வருடத்தில் முடிந்துவிட்டன. உள்வேலைதான் முடியவே இல்லை.

அந்த உள்வேலையைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் வீட்டில் காணாமல் போனவைதான். என் கொண்டை ஊசிகள் போயின. அப்பாவின் குடைத்துணி போயிற்று. அம்மாவிடம் தைக்க வந்த ரவிக்கைகளின் கொக்கிகள் போய், இரண்டு பேரிடம் அம்மா பேச்சு வாங்கினார். பயணிகளின் நாற்காலி இருபத்தெட்டும் தைத்தாகிவிட்டது என்று ஒருநாள் அண்ணன் அறிவித்தார். மறு வாரமே, பின்பக்கக் கதவு எந்தப் பக்கம் திறக்கும் என்பதில் தவறிவிட்டேன் என்று பாதி நாற்காலிகளைப் பிடுங்கிப் போட்டார். கண்ணில் லென்ஸை மாட்டிக்கொண்டு, சாமண இடுக்கியைப் பிடித்தபடி, எங்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருப்பார். சோறு ஆறிப்போகும். கூப்பிட்டால் ‘உம்’ என்று மட்டும் சொல்வார். சில நாள் அதுவும் கிடையாது.

நான் பள்ளிப் படிப்பை முடித்த வருடம், கடைக்குக் கடிகாரம் ரிப்பேருக்குக் கொடுக்க வந்த ஒரு விமானக் கம்பெனி மேனேஜர் அண்ணனின் கைவேலையைப் பார்த்து, டகோடாவைப் பற்றியும் கேட்டுத் தெரிந்துகொண்டார். கன்டோன்மென்டில் விமான டிக்கெட் ஆபீஸ் புதிதாகத் திறக்கப் போகிறார்கள், கண்ணாடி அலமாரியில் வைக்க அந்த டகோடாவைக் கொண்டுவா, செம்பட்டில் மெக்கானிக் வேலைக்கு நான் சொல்கிறேன் என்றார். அதே சமயம் எங்கள் சித்தப்பா, படித்தது போதும், பெண்ணைத் தையலில் உட்கார வை என்று அம்மாவை நச்சரித்துக்கொண்டிருந்தார். அண்ணனுக்கு அந்த வேலை கிடைத்தால் நான் ஆசிரியைப் பயிற்சிக்குப் போகலாம், இல்லாவிட்டால் இல்லை. அண்ணனுக்கும் இது நன்றாகத் தெரியும். தெரிந்தும் மூடியை மூடாமல் ஆறு மாதம் கடத்தினார். மேனேஜர் ஒரு தரம் தவணை கொடுத்தார். திறப்பு விழாவுக்கு முந்தைய நாள் காலை, நாளை காலைக்குள் வராவிட்டால் சென்னையிலிருந்து வேறு பொம்மை வருகிறது என்று ஆள் அனுப்பினார்.

அண்ணன் அவசரப்படவில்லை. கடைசி வரிசை நாற்காலிகளுக்கு இடுப்புப் பட்டை கட்டவில்லை, இன்னும் பத்து நாள் ஆகும் என்றார். அம்மா கெஞ்சிப் பார்த்தார்.

“மூடிட்டா உள்ள இருக்கறது யாரு கண்ணுக்குப்பா தெரியப் போவுது?”

“எனக்குத் தெரியுமேம்மா” என்று சொல்லிவிட்டு அண்ணன் கடைக்குப் போய்விட்டார்.

தைத்த ரவிக்கைகளைக் கொடுக்க அம்மா வெளியே போனதும், நான் அண்ணன் மரம் ஒட்டும் வஜ்ஜிரக் கட்டியை வெந்நீரில் இளக்கினேன். மூடியைக் கவிழ்த்து அதன் விளிம்பு முழுக்கப் பூசினேன். விமானத்தின் மேல் அண்ணன் போர்த்தியிருந்த துணியை உருவிவிட்டு, மூடியை வைத்து அழுத்தி, கிழிந்த துணி நாடாவால் சுற்றி இறுக்கிக் கட்டினேன். அவ்வளவு கோபம்.

சாயங்காலம் அண்ணன் வந்து, மூட்டு ஓடிய இடமெல்லாம் நகத்தால் தடவிப் பார்த்தார். யார் ஒட்டியது என்று கேட்டார். நான் வாய் திறப்பதற்குள், நான்தான் ஒட்டினேன் என்று அம்மா சொல்லிவிட்டார். மறுநாள் காலை அண்ணன் விமானத்தை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் போனார். வேலை கிடைத்தது. நான் பயிற்சிக்குப் போனேன். மண்ணச்சநல்லூரில் முப்பது வருடம் பாடம் நடத்தினேன். செம்பட்டில் அண்ணன் ஓய்வு பெறும் வரை ஒருவரும் அவர்மேல் குறை சொன்னதில்லை. ஆனால் விமான பொம்மைக்கென்று அவர் அதற்குப் பிறகு ஒரு குண்டூசியைக்கூட வளைக்கவில்லை. அந்த ஆபீஸ் கை மாறியபோது டகோடாவும் எங்கோ போய்விட்டது.

போன வருடம் ஆஸ்பத்திரியில், இனி நாள் அதிகமில்லை என்று டாக்டர் சொன்ன பிறகு, ஒட்டியது நான்தான் என்று அண்ணனிடம் சொல்லிவிட்டேன்.

“தெரியும்” என்றார். “அம்மாவுக்கு வஜ்ஜிர வாடையே ஆகாது.” பிறகு கேட்டார்: “ஒட்டறதுக்கு முன்னாடி உள்ள பாத்தியா?”

“இல்லைண்ணே.”

“அம்மாவும் பாக்கலைன்னாங்க. நீயாவது பாத்திருப்பேன்னு இத்தனை வருஷமா நெனச்சுக்கிட்டிருந்தேன்.”

துணியை உருவியபோது ஒரு நிமிடம் குனிந்திருந்தால் போதும். அவர் செய்ததைப் பார்க்கவே பிடிக்காத அளவுக்கு எனக்கு எரிச்சல் இருந்தது. இன்றைக்கு அந்த எரிச்சல் முழுக்க என்மேல்தான்.

கடைசி நாட்களில் கண் விழித்துக் கவனித்த அண்ணிக்கும், டாக்டர்களுக்கும் நர்ஸ் அம்மாக்களுக்கும், வேளை தவறாமல் கஞ்சி கொண்டுவந்த பக்கத்து வீட்டாருக்கும், தோள் கொடுத்தவர்களுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. அண்ணனோடு அந்நாளில் பழகியவர்கள் கையிலும் இந்த மலர் வந்து சேரும். எங்கள் வீட்டுக்கு வந்து, மூடுவதற்கு முன் அந்த விமானத்துக்குள் எட்டிப் பார்த்தவர்கள் யாராவது இருந்தால், திதியன்று அவசியம் வாருங்கள். உள்ளே என்ன இருந்தது என்று எனக்குச் சொல்லுங்கள்.