அட்டையின் கடைசி எழுத்து

என் மகள் ஐந்தாம் வகுப்பு படித்தபோது டிவியில் ஒரு கார்ட்டூன் தொடரை விடாமல் பார்ப்பாள். அதில் வரும் பிள்ளைகள் ஒவ்வொருவரிடமும் ஒரு விசித்திர மிருகம் இருக்கும். நெற்றியில் நீலக் கல் பதித்த அந்த மிருகங்களுக்கு மனதில் நினைப்பது கேட்டுவிடும். வாயைத் திறந்து எதுவும் சொல்ல வேண்டாம். நினைத்தால் போதும், பாய்ந்து போய்ச் சண்டை போடும். மிருகத்தைப் பழக்குகிற பிள்ளைக்கு அந்தத் தொடரில் 'ட்ரெய்னர்' என்று பெயர்.

நானும் ட்ரெய்னர்தான். ஒரகடத்தில், கார்களுக்கு ஒயர் கட்டும் கம்பெனியில் வேலை. புதிதாகச் சேரும் பெண்களை என் பக்கத்தில் நிறுத்துவார்கள். எந்த நிற ஒயர் எந்தத் துளைக்குள் போகும், டேப்பை எவ்வளவு இறுக்கிச் சுற்ற வேண்டும் என்று காட்டுவேன். பேசுவதற்கு எனக்குக் கூச்சம். கையைப் பிடித்துச் செய்யவைத்துவிடுவேன். "புதுசா? ட்ரெய்னர் அக்காகிட்ட போ" என்பார் சூப்பர்வைசர். ஆறு வருடமாக அங்கே அதுதான் என் பெயர்.

இதில் என் மகளுக்குத் தாங்காத பெருமை. பள்ளியில் எல்லோரிடமும் சொல்லிவைத்திருந்தாள். ஷிஃப்ட் முடிந்து படப்பையில் வீட்டுக்குள் நுழைந்ததும் என்னை உட்காரவைத்து, நெற்றியோடு நெற்றியை முட்டுவாள்.

"நான் இப்ப இன்னா நெனைக்கிறேன், சொல்லு?"

"முட்டை தோசை."

"எப்டிம்மா கரெக்டா சொல்ற!"

அவள் தினமும் நினைப்பது அது ஒன்றைத்தான்.

அந்த வருடம் எங்கள் லைனில் சிலரை பர்மனென்ட் ஆக்கப்போவதாகப் பேச்சு வந்தது. நான் யாரிடமும் போய்க் கேட்கவில்லை. என் மனதில் இருப்பது சூப்பர்வைசருக்குத் தெரியாதா என்று இருந்துவிட்டேன். நோட்டீஸ் போர்டில் ஒட்டிய பட்டியலில் நான் பழக்கிய இரண்டு பெண்கள் இருந்தார்கள். நான் இல்லை.

அன்று வீட்டுக்கு வந்து, கழுத்தில் இருந்த கம்பெனி அட்டையைக் கழற்றிப் போட்டேன். மகள் எடுத்து, என் பெயருக்குக் கீழே இருந்ததைப் படித்தாள். ட்ரெய்னர் என்கிற இங்கிலீஷ் வார்த்தை கார்ட்டூனில் பெரிதாக வரும். தன் நோட்டிலெல்லாம் அதை எழுதிவைத்திருந்தாள்.

"ம்மா, இது தப்பா கீது. கடைசில ஆர் வரணும். ஈ போட்டுகீறாங்க."

"அப்டி போட்டா இன்னா?"

இன்னொரு முறை எழுத்துக்கூட்டினாள். "ட்ரெய்னி. எங்க ஸ்கூலுக்குப் புதுசா வந்த மிஸ் கார்டுலயும் இதான் கீது. கத்துக்கறவங்களாம்."

நான் தமிழ் வழியில் பத்தாவது. அட்டை கொடுத்த நாளில் முதல் நாலைந்து எழுத்தைக் கூட்டிப் படித்திருந்தேன். எல்லோரும் கூப்பிட்டதை வைத்து மீதியை நானே முடித்துக்கொண்டேன்.

மறுநாள் டீ இடைவேளையில் அட்டையைப் பிடித்துக்கொண்டு சூப்பர்வைசர் எதிரில் நின்றேன். என்ன பேசுவதென்று கம்பெனி பஸ்ஸில் வழியெல்லாம் சொல்லிப் பார்த்திருந்தேன்.

"சார், இதுல... கடைசி எழுத்து..."

வாங்கிப் பார்த்துச் சிரித்தார். "பேப்பர்ல நீங்க இன்னும் கத்துக்கினுதான்க்கா கீறீங்க. வருஷா வருஷம் ட்ரெய்னிங் அக்ரிமென்ட்ல கையெழுத்து போடுறீங்களே, படிச்சதில்லையா?"

"எல்லாரும் ட்ரெய்னர்னு..."

"அது ஒரு மரியாதைக்குக் கூப்பிடறது. வேணாம்னா சொல்லுங்க, நிறுத்திடலாம்."

நான் பழக்கிய பெண்களில் ஒருத்தி பக்கத்தில்தான் நின்றிருந்தாள். டீயைக் குடிக்காமல் ஊதிக்கொண்டே இருந்தாள்.

வாசலில் புதிதாக இரண்டு பெண்கள் தயங்கி நின்றார்கள். சூப்பர்வைசர் அவர்களைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். வாயைத் திறக்கவில்லை. நான் போய் அவர்கள் கையைப் பிடித்து லைனுக்கு அழைத்துவந்தேன்.

மாலையில் நான் உள்ளே நுழைந்ததும் மகள் டிவியை அணைத்தாள். வந்து நெற்றியை முட்டினாள்.

"நான் இப்ப இன்னா நெனைக்கிறேன், சொல்லு?"

அன்றைக்குத்தான் எனக்கு நிஜமாகவே தெரிந்தது. பள்ளியில் சொன்னதை இனி எப்படி மாற்றிச் சொல்வது என்று நினைத்துக்கொண்டிருந்தாள்.

"முட்டை தோசை" என்றேன்.

"கரெக்ட்டும்மா" என்று நெற்றியை எடுத்துக்கொண்டாள்.

சுட்டுக் கொடுத்தேன். பாதியைத் தட்டிலேயே வைத்துவிட்டாள்.