புறம்பான இருளில் ஒரு சிமினி விளக்கு

உபதேசியார் வேலைக்கு மூலதனமே இருட்டுதான். கேட்பவர்களை முதலில் இருட்டில் உட்கார வைத்தால்தான் அப்புறம் வெளிச்சத்தைத் தூக்கிக்கொண்டு நாம் வர முடியும். நாலு பேர் முன்னால் நின்று வாய் வலிக்கப் பேசிப் பிழைத்த யாருக்கும் இந்த வித்தை தெரியும். எழுபதுகளின் கடைசியில் என்னை ஜவ்வாது மலைக்கு, காவலூர்ப் பக்கம் இருந்த ஒரு சின்ன ஜெபவீட்டுக்கு அனுப்பினார்கள். வேதத்தில் இருள் என்றால் பாவம், அறியாமை, தண்டனை. எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான், அதை வைத்தே காலம் தள்ளினேன்.

வந்து உட்கார்ந்தவர்களில் பலர் வேடிக்கை பார்க்க வந்தவர்கள். பொன்னி அப்படி வரவில்லை. அவளுடைய கைக்குழந்தை காய்ச்சலில் போய்விட்டது. அது இப்போது எங்கே இருக்கிறது என்று யாராவது சொல்ல மாட்டார்களா என்று வந்தாள்.

கறுப்பு அட்டை

என்னிடம் இரண்டு அட்டைகள் உண்டு. கறுப்பைக் காட்டி, "இதுதான் இருள், இதுதான் பாவம்" என்பேன். வெள்ளையைக் காட்டி, "இதுதான் மீட்பு" என்பேன். கீழே ஊர்களில் நன்றாக எடுபட்ட வித்தை. மலையில் அப்போது சாமை விதைத்துவிட்டு எல்லோரும் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்த சமயம். நான் கறுப்பு அட்டையைத் தூக்கிப் பிடித்ததும் பொன்னியின் புருஷன் சடையன் பதறி எழுந்தான். அவன் சொன்னதில் கூட்டமே சிரித்தது. அட்டையை எங்கே ஒளிப்பது என்று தெரியாமல் நின்றேன்.

"ஐயா, கறுப்ப பாவம்னு சொல்லாதீங்க. இப்பத்தான் மேகம் கறுத்துக்கினு வர்து, காதுல வுழுந்தா திரும்பிப் பூடும்."

பெட்ரோமாக்ஸ்

ஊருக்கே வெளிச்சமாக இருக்க வேண்டும் என்று ஜெபவீட்டு வாசலில் உயரமாகக் கம்பம் நட்டு பெட்ரோமாக்ஸ் தொங்கவிட்டேன். பக்கத்திலேயே வானத்தை ஆராயும் பெரிய தொலைநோக்கிக் கூடம் இருப்பது எனக்குத் தெரியாமல் இல்லை. அதற்கும் எனக்கும் என்ன சம்பந்தம் என்று இருந்துவிட்டேன். மூன்றாம் நாள் சாயங்காலம் கூடத்து ஊழியர் ஒருவர் ஜீப்பில் வந்தார். ஜெபம் முடியும் வரை வாசலிலேயே மரியாதையாகக் காத்திருந்தார். பிறகு விளக்குக்கு மேலே ஒரு தகர மூடி போடச் சொன்னார். உலகத்துக்கு வெளிச்சம் காட்ட வந்தவன் தகரம் தேடி அலைந்தேன்.

"கோச்சிக்காதீங்க உபதேசியாரே, நல்லா இருட்டுனாத்தான் எங்களுக்கு வானமே தெரியும்."

நாற்காலியில் போதகர்

இதற்கு மேல் எனக்குச் சிரிப்பு வரவில்லை. வேலூர்ப் பக்கமிருந்து எங்கள் போதகர், என் மேலதிகாரி, மேற்பார்வைக்கு வந்திருந்தார். ஜெபவீட்டில் இருந்த ஒரே நாற்காலியில் அவர். கல்யாண வஸ்திரம் இல்லாமல் விருந்துக்கு வந்தவனைக் கைகாலைக் கட்டிப் புறம்பான இருளில் தள்ளுகிற உவமையை, ஞானஸ்நானம்தான் அந்த வஸ்திரம் என்று மேஜையைத் தட்டித் தட்டிப் பேசினேன். முடித்ததும் பொன்னி எழுந்து நின்றாள். ஞானஸ்நானம் என்றால் என்னவென்றே தெரியாமல் செத்துப்போன குழந்தை உள்ளேயா வெளியேயா என்று கேட்டாள்.

தெரியாது என்று சொல்லியிருக்கலாம். நான் அவள் முகத்தைப் பார்க்கவில்லை, நாற்காலியைப் பார்த்தேன். "வெளியேதான்" என்றேன். அவள் அழவில்லை. எனக்கு ஏதோ விவரம் சொல்கிற மாதிரி சொன்னாள்.

"அது இருட்டுனா பயப்படுங்க ஐயா, மேல கை போட்டுக்கினு இருந்தாத்தான் தூங்கும்."

பாராட்டு

மறுநாள் பொழுது சாயும் நேரம், போதகரோடு சடையன் கொல்லைப் பக்கம் நடந்துபோனேன். புளியமரத்தடியில் குழந்தையைப் புதைத்த மேட்டின் மேல் ஒரு சிமினி விளக்கு எரிந்துகொண்டிருந்தது. காற்றில் அணையாமல் சுற்றிலும் கல் வைத்துப் பக்கத்திலேயே சடையன் குந்தியிருந்தான். வீட்டில் இருந்த ஒரே விளக்கு அது. பொன்னி அடுப்பு வெளிச்சத்தில் களி கிண்டிக்கொண்டிருந்தாள்.

எதற்கு விளக்கு என்று எனக்குப் புரிந்துவிட்டது. அங்கேயே மண்ணுக்குள் போய்விடலாம் போல இருந்தது. போதகருக்கு வேறு மாதிரி புரிந்தது. என் கையைப் பிடித்துக் குலுக்கினார். நானும் கையைக் கொடுத்துக்கொண்டு நின்றேன்.

"பாத்தீரா, வெளிச்சத்தைத் தேட ஆரம்பிச்சுட்டாங்க. உம்ம பிரசங்கம் வேலை செய்யுதய்யா!"

சாமை அறுப்பு

அவர் போனபிறகு வேதத்தை எடுத்துப் புரட்டினேன். இருள் வருகிற இடமெல்லாம் தேடினேன். மோசே கடவுளைச் சந்திக்கக் கார்மேகத்துக்குள்தான் போயிருக்கிறான். காரிருளில் குடியிருப்பதாகக் கர்த்தர் சொன்னார் என்று, ஆலயத்தைக் கட்டி முடித்த சாலொமோனே சொல்கிறான். வெளிச்சம் உண்டாகும் முன்பே அவருடைய ஆவி அந்த இருட்டில் தண்ணீரின்மேல் அசைந்துகொண்டிருக்கிறது. எத்தனையோ தடவை படித்தவைதான். மேஜையைத் தட்டுவதற்கு உதவாது என்று தாண்டிப் போயிருக்கிறேன்.

சாமை அறுத்துக்கொண்டிருந்த பொன்னி, சடையன் இருவரிடமும் போய் நின்றேன். அன்று நான் சொன்னது தப்பு, இருட்டிலும் கடவுள் இருக்கிறார், குழந்தை தனியாக இல்லை என்றேன். பொன்னி அரிவாளைக் கீழே வைத்தாள். திட்டுவாள் என்று நினைத்தேன், திட்டினால் நன்றாக இருக்கும் என்றும் இருந்தது. அவள் நேராகப் புளியமரத்தடிக்குப் போய், விளக்கை எடுத்து முந்தானையில் துடைத்துக்கொண்டு வந்து, பயத்தோடு என்னைக் கேட்டாள்.

"அவரு இருட்டுலியே கீறவருன்னா, இத்தினி நாளு நாங்க வெச்ச வௌக்கு அவருக்குக் கண்ணு கூசி இருக்குமேங்க, எங்க மேல கோச்சிக்கினாரா?"

வெளிச்சம் கொண்டுபோகச் சொல்லி மலைக்கு அனுப்பப்பட்ட நான் அங்கே உருப்படியாகச் செய்த ஒரே காரியம் ஒரு விளக்கை எடுக்க வைத்ததுதான், அந்த விளக்கை ஏற்ற வைத்தவனும் நானே என்பதால் அதையும் வெளியே சொல்லிக்கொள்ள முடியவில்லை.