ஜிகினா ஜோசப்பின் மேனேஜர் குரல்

போன வாரம் எங்கள் தெருவில் உப்பு விற்கும் ஆட்டோ வந்தது. ஓட்டுகிறவர் வாயில் வெற்றிலை பாக்கு. கூவுவதெல்லாம் ஒலிபெருக்கி. ஆளில்லாமல் குரல் மட்டும் வந்தால் இன்றைக்கும் வாசலுக்கு ஓடிப்போய் யாரென்று பார்ப்பேன். மனைவி கேலி செய்வாள். அவளுக்கென்ன, அவள் ஜிகினா ஜோசப்பைக் கேட்டதில்லை.

ராயபுரத்துக்காரர். உச்சி வெயிலிலும் ஜிகினா தைத்த சட்டை, சிவப்பு பேன்ட். அவர் வருவதற்கு முன்னால் அத்தர் வாசனை வந்துவிடும். கல்யாணம், மாதா கோயில் திருவிழா, கட்சி மேடை, எங்கே கூப்பிட்டாலும் போய்ச் சிரிக்க வைப்பார். திருவொற்றியூரில் நான் புதிதாகச் சேர்ந்திருந்த ஆலை கதவடைப்பு செய்தபோது, சங்கத்தார் அவரைத்தான் கூட்டி வந்தார்கள். கேட்டுக்கு எதிரே பந்தல். தலைவர் பேச வரும்வரை கூட்டம் கலையக் கூடாது, கல்லெடுக்கவும் கூடாது. அதுதான் அவர் வேலை.

தட்டி மறைவில் நின்று எங்கள் மேனேஜர் குரலில் பேசுவார். இரண்டு முறை செருமிவிட்டு, "அன்பார்ந்த தொழிலாளர்களே, கேட்டைத் திறந்தாச்சு, உள்ளே வாங்க, பிரியாணி ரெடி!" முதல் நாள் பாதிப் பேர் நிஜமாகவே எழுந்துவிட்டார்கள். நான் செருப்பையே மாட்டிவிட்டேன். அப்புறம் தினமும் அதே ஜோக்கு. வீட்டில் அடுப்பெரியாத நாளிலும் வந்து சிரித்துவிட்டுப் போவோம்.

ஒரு நாள் தலைவர்கள் எல்லாரும் பேச்சுவார்த்தைக்குப் போயிருந்தார்கள். போலீஸ் வேன்கள் வழக்கத்தைவிட அதிகம். ஜோசப்பைக் காணோம். நாலரை மணிக்கு ஆலைக்குள்ளிருந்து ஒலிபெருக்கி இரண்டு முறை செருமியது.

"அன்பார்ந்த தொழிலாளர்களே, உங்க தலைவர்கள் ஒத்துக்கிட்டாங்க. அஞ்சு மணிக்குள்ள உள்ளே வந்து கையெழுத்து போடறவங்களுக்குத்தான் வேலை."

சிரிப்பில் பந்தலே அதிர்ந்தது. "ஜோசப்பு உள்ளயே பூந்துட்டாம்பா, கில்லாடி!" குரல் திரும்பத் திரும்பச் சொன்னது. பாய்லரில் வேலை பார்த்த ரஹீம் பாய் மட்டும் எழுந்தார்.

"செருமல் வேற மாதிரி கீதுபா. பாத்துட்டு வரட்டா?"

"உக்காரு பாய், பிரியாணி காலி!" என்று கத்தினேன். கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. பாய் வெட்கப்பட்டு உட்கார்ந்துவிட்டார். எனக்கு அன்றைக்கு அதில் பெருமை வேறு.

ஐந்து அடிக்கச் சில நிமிடம் இருக்கும்போது, காலடிப்பேட்டைப் பக்கமிருந்து வந்த பஸ்ஸிலிருந்து ஜோசப் இறங்கினார்.

"பஸ்ஸு ஒரே பேஜாரு மாமு..." என்றவர் அப்படியே நின்றார். "உள்ள பேசிகினு கீறது யாருப்பா?"

ஓடினோம். முன்னால் போன சிலர் நுழைந்தார்கள். நானும் பாயும் கேட்டுக் கம்பியைப் பிடித்தபோது மணி ஐந்து அடித்து, உள்ளே தாழ்ப்பாள் விழுந்தது. எங்களுக்குப் பின்னாலிருந்து மேனேஜர் குரல் உறுமியது: "வாட்ச்மேன், கேட்டைத் திற!" வாட்ச்மேனின் கை தாழ்ப்பாளுக்குப் போயேவிட்டது. அதற்குள் இடுக்கு வழியாக ஜிகினா சட்டையைப் பார்த்துவிட்டார். கை இறங்கியது.

ஜோசப் அதன்பின் யார் குரலிலும் பேசவில்லை. சொந்தக் குரலில் சொன்ன ஜோக்குக்கு யாரும் சிரிக்கவும் இல்லை. என்னை எங்கே பார்த்தாலும், "உங்க வேலைய நான் துன்னுட்டேன் நைனா" என்று கையைப் பிடித்துக்கொள்வார். நான் தலையாட்டுவேன்.

இப்போது அங்கே அடுக்குமாடி வீடுகள். ஜோசப்பும் இல்லை, பாயும் இல்லை. பாயை உட்கார வைத்தது நான்தான் என்று இருவரில் ஒருவரிடமாவது சொல்லியிருக்கலாம்.