தற்செயலாகச் சந்திக்க ஒரு தீவு

கிரான்பர்ன் கடைத்தொகுதியில் பயணச்சீட்டு விற்கும் பெண் எங்களுக்கு 'ஷோல்டர் சீசன்' என்றால் என்னவென்று விளக்கிக்கொண்டிருந்தாள். கூட்டம் அள்ளும் காலத்துக்கும் ஒருவரும் எட்டிப்பாராத காலத்துக்கும் இடைப்பட்டதாம். இலையுதிர்காலத்தின் கடைசியாம். எல்லாம் மலிவாம். அவளுக்குப் பின்னால், கண்ணாடிக்கு வெளியே, அரைக்காற்சட்டை போட்ட மனிதர்கள் ஐஸ்கிறீம் நக்கிக்கொண்டு போனார்கள். மெல்பேர்ணில் வசந்தம் முடிந்து வெயில் தலைகாட்டும் நேரம் அது. நான் அவளுக்கு இரண்டு விடயங்களைச் சொன்னேன். நவம்பரில் இந்த நாட்டில் இலையுதிர்காலம் இல்லை. நாங்கள் போகப்போகிற பார்படோஸ் வெப்பவலயத்தில் கிடக்கும் கரீபியன் தீவு என்பதால் அங்கே எந்த மாதத்திலும் இலையுதிர்காலம் இல்லை. புறப்படுகிற இடத்திலும் போகிற இடத்திலும் இல்லாத ஒரு பருவத்துக்கு எப்படி விலைக்கழிவு கொடுக்கிறீர்கள் என்று கேட்டேன். 'நோ வொறீஸ்' என்றாள். இந்த நாட்டில் பதில் தெரியாத கேள்விகள் எல்லாவற்றுக்கும் அதுதான் பதில்.

ஊரில் இருந்து இதை வாசிப்பவர்கள், அரசாங்கக் கச்சேரியில் கோப்புக் கட்டிக்கொண்டிருந்தவர் இப்போது கரீபியன் கடலில் கால் நனைக்கிறார் என்று நினைக்கவேண்டாம். நாங்கள் போனது மகளுக்கு மாப்பிள்ளை பார்க்க. அபிராமிக்கு முப்பத்துநான்கு வயது. ஆஸ்பத்திரி ஒன்றில் மருந்தாளராக இருக்கிறாள். மாப்பிள்ளை சுதன் ரொறன்ரோவில் ஒரு வங்கியின் கணினிப் பிரிவில் வேலை செய்கிறான். அதே நகரத்தில் ஸ்காபரோவில் இருக்கும் என் மனைவியின் அக்கா கொண்டுவந்த சம்பந்தம். சாதகம் பொருந்திவிட்டது, படங்கள் கைமாறிவிட்டன, இரண்டு பேரும் ஸ்கைப்பில் பேசலாம் என்ற நாகரிகமான யோசனையை நான்தான் முன்வைத்தேன். சுதனின் தாய் ஒப்புக்கொள்ளவில்லை. முதலில் பெரியவர்கள் பெண்ணை நேரில் பார்க்கவேண்டும், அதுவும் தற்செயலாகப் பார்க்கவேண்டும் என்றுவிட்டார்.

இந்தத் தற்செயல் எங்கள் ஆட்களின் பெரிய கண்டுபிடிப்பு. பெண் பார்க்க வீட்டுக்கு வந்து வேண்டாம் என்றால் பெண்ணின் பெயர் கெடும் என்பதால், கோயிலில் யதேச்சையாகக் கண்டதுபோல் பார்த்துவிட்டுப் போவார்கள். நான் என் மனைவியை அப்படித்தான் பார்த்தேன். என் தாயார் தெற்கு வாசலில் நின்று முன்பின் தெரியாத ஒரு அம்மாவிடம் பூசை எத்தனை மணிக்கு என்று கேட்டார். அந்த அம்மாதான் பின்பு என் மாமியார். பூசை நேரம் அங்கே சுவரில் முழ நீளத்துக்கு எழுதியிருந்தது. கோயிலில் நின்ற அத்தனை பேருக்கும் விடயம் தெரியும். ஐயர்கூடத் தீபத்தைப் பெண்ணின் முகத்துக்கு நேரே ஒரு சுற்று அதிகமாகக் காட்டினார். தெரியாதது மாதிரி நிற்பதற்கு எல்லோரும் ஒத்துழைத்தார்கள் என்பதுதான் அதில் இருந்த ஒரே நாகரிகம். மெல்பேர்ணில் அந்த ஒத்துழைப்பும் கிடையாது. இரண்டு வருடங்களுக்கு முன்பு த பேசின் என்ற இடத்துப் பிள்ளையார் கோயிலில் அபிராமியை ஒரு குடும்பம் இதே முறையில் பார்த்தது. கார் தரிப்பிடத்தில் யாருடைய கார் யாருடைய காருக்குப் பக்கத்தில் நின்றது என்பதை வைத்தே சனம் முடிவுக்கு வந்துவிட்டது. அந்தப் பெடியன் வீட்டார் வேண்டாம் என்றது எங்களுக்குத் தெரியவர முன்பே டன்டினோங் மரக்கறிக் கடையில் என் மனைவிக்கு ஆறுதல் சொன்னார்கள். அதற்குப் பிறகு அபிராமி கோயிலுக்கு வருவதை நிறுத்திவிட்டாள். இதுவும் சரிவராவிட்டால் இனி இந்தப் பேச்சே வேண்டாம் என்று சொல்லித்தான் புறப்படச் சம்மதித்தாள்.

ஆகவே யாருமற்ற இடம் வேண்டும். ரொறன்ரோவும் இல்லாமல் மெல்பேர்ணும் இல்லாமல் நடுவில் ஒரு இடம் என்று ஸ்காபரோ அக்கா பார்படோஸைத் தேர்ந்தெடுத்தார். ரொறன்ரோவில் இருந்து ஐந்து மணித்தியாலம். எங்களுக்கு லொஸ் ஏஞ்சலிஸ், மயாமி என்று ஏறி இறங்கி ஒன்றரை நாள். இதை நடு என்று சொல்வதற்கு ஒரு தனியான பூகோளம் வேண்டும். போகும் வழியில் அமெரிக்காவில் கால் வைத்தாலே முன்னனுமதி எடுக்கவேண்டும் என்பது அக்காவுக்கும் தெரியாது, சீட்டு விற்றவளுக்கும் தெரியாது. நான் எடுத்தேன். அதோடு, கலியாணம் சரிவந்தால் மாப்பிள்ளை அவுஸ்திரேலியா வருவதற்கான விசா வகைகள், காத்திருக்கும் காலம், வைத்தியப் பரிசோதனை எல்லாவற்றையும் வரிசைப்படுத்தி மனதில் வைத்திருந்தேன். எங்களுக்கு இருப்பது ஒரே பிள்ளை. அவளை மாப்பிள்ளையோடு மெல்பேர்ணில் வைத்துக்கொள்வது என்பது என் முடிவு. அதை நான் யாரிடமும் கேட்கவில்லை. கேட்கவேண்டிய விடயம் என்று எனக்குத் தோன்றவும் இல்லை.

படகில் வந்து தற்காலிக விசாவில் இருக்கும் ஒருவர் தன் கடிதங்களை வாசித்துக் காட்டச் சொல்லி ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் வீட்டுக்கு வருவார். முப்பது தாண்டியவர், கிறிஸ்மஸ் தீவு அகதிகள் தடுப்பு முகாமில் மாதக்கணக்கில் கிடந்தவர். விடுமுறைக்குத் தீவுக்குப் போகிறோம், கையில் பட்டி கட்டி உள்ளே விடுவார்கள், மூன்று நேரமும் சாப்பாடு தருவார்கள் என்று அவரிடம் சொன்னேன். "அங்கிள், அதுக்கு நீங்கள் ஏன் காசு குடுக்கிறியள்? வள்ளத்தில வந்தால் சும்மா தருவாங்கள்" என்றார்.

பார்படோஸ் ஹொட்டேல் அவர் சொன்னதைவிடப் பெரிதாக வித்தியாசப்படவில்லை. பச்சை நிறப் பட்டியை மணிக்கட்டில் இறுக்கிவிட்டார்கள். கழற்ற முடியாது, வெட்டத்தான் வேண்டும். மழைக்காலத்தின் வால், நாளுக்கு இரண்டு தரம் கொட்டியது. குளத்தின் நடுவே கட்டியிருந்த மதுச்சாலையில் நாலைந்து வெள்ளைக்காரக் கிழடுகள் மழை பெய்வதையும் அறியாமல் இடுப்பளவு தண்ணீரில் ஊறிக்கொண்டிருந்தார்கள். ஓய்வூதியத்தை இப்படி ஊறவைக்கலாம் என்று எனக்கு ஒருவரும் சொல்லித்தரவில்லை. சாப்பாட்டு மண்டபத்தில் ஈரப்பலாக்காயை உப்பில்லாமல் அவித்து, முன்னால் அதற்கொரு பெயர்ப்பலகையும் வைத்திருந்தார்கள். அதே மண்டபத்தின் மறுமுனையில் சுதனும் தாயும் இருந்தார்கள். தாய் கைப்பையில் இருந்து ஒரு சின்னப் போத்தலை எடுத்து, மேசைக்குக் கீழே பிடித்தபடி மிளகாய்த்தூளைச் சாப்பாட்டுக் கோப்பையில் தட்டினார். என் மனைவி அதைப் பொறாமையோடு பார்த்தாள்.

பேசக்கூடாது என்பது ஏற்பாடு. முதல் நாள் கண்ணில் படுவது, இரண்டாம் நாள் தலையசைப்பது, மூன்றாம் நாள் நீங்கள் எந்த ஊர் என்று கேட்பது. அக்கா தொலைபேசியில் வகுத்த அட்டவணை இது. கூட்டம் நிரம்பி வழியும் காலமாக இருந்திருந்தால் இது ஓரளவு நடந்திருக்கும். வெறுமையாகக் கிடந்த அந்த மண்டபத்தில் கறுத்த தலைமுடியோடு இரண்டு குடும்பங்கள் ஆளுக்கொரு மூலையில் இருந்துகொண்டு ஒருவரை ஒருவர் களவாகப் பார்ப்பதைக் குசினிக்காரரும் எட்டிப்பார்த்தார்கள். பரிமாறுகிறவர் வயதான மனிதர், நல்லவர். முதல் நாள் இரவே எங்கள் மேசையை அவர்களுடைய மேசையோடு சேர்த்துப் போட வந்தார். வேண்டாம், நாங்கள் வேறு வேறு ஆட்கள் என்றேன். அடுத்த நாள் காலை மறுபடி வந்து, தானும் தன் அண்ணனோடு கனகாலம் பேசாமல் இருந்ததாகவும், அண்ணன் செத்த பிறகு அதை நினைத்துத் தூக்கமில்லை என்றும், சொத்துப் பிரச்சினை எல்லாம் ஒரு பிரச்சினையா என்றும் மெதுவாகக் கேட்டார். அவர்களை எனக்குத் தெரியாது என்று நான் திரும்பவும் சொன்னேன். அவர் கண்கலங்கிவிட்டார். மத்தியானம் இரண்டு மேசைக்கும் ஒரே கேக்கை இரண்டாக வெட்டி அனுப்பினார். அபிராமி சிரிப்பை அடக்கமுடியாமல் எழுந்து வெளியே போனாள். மறுமூலையில் சுதனும் வாயைத் துடைக்கிற துணியால் முகத்தை மூடிக்கொண்டிருந்தான்.

நான் எந்த இடத்துக்குப் போனாலும் முதலில் அறிவித்தல்களை வாசிப்பேன். கடற்கரை ஓரத்தில், சிவப்பு வளையம் பூசிய மரங்களில் ஒரு பலகை அறைந்திருந்தது. மஞ்சினீல் என்ற மரமாம். பழம் நஞ்சு, பால் நஞ்சு, மழை பெய்யும்போது கீழே நின்றால் இலையில் இருந்து ஒழுகும் தண்ணீரே தோலைப் பொசுக்கும். கடற்கரையில் குளிக்க அனுமதி கொடுத்து, ஒதுங்குகிற மரத்தை நஞ்சாக வைத்திருக்கும் நிர்வாகத்தை நான் வேறெங்கும் கண்டதில்லை. மனைவிக்கும் மகளுக்கும் அந்தப் பலகையை இரண்டு தரம் வாசித்துக் காட்டினேன். சுதன் வீட்டாருக்குச் சொல்ல வழியில்லை. தலையசைக்கும் கட்டத்தில் பேச்சுக்கு இடமில்லை.

அன்று பின்னேரம் நாங்கள் மூவரும் ஹொட்டேல் தாழ்வாரத்தில் இருந்தோம். சுதன் தாயோடு மணலில் நடந்துகொண்டிருந்தான். மழை ஒரு அறிவித்தலும் இல்லாமல் இறங்கியது. தாய் முக்காடு போட்டுக்கொண்டு கட்டடத்துக்கு ஓடிவந்தார். அவன், படித்த முட்டாள், பலகையைப் பார்க்காமல் மேற்சட்டையும் இல்லாமல் நேரே அந்த மரத்துக்குக் கீழே போய் நின்றான். கூப்பிட எழுந்த என்னை மனைவி கையில் பிடித்து இழுத்து, "இஞ்சேருங்கோ, பேசாமல் இருங்கோ. அவை பாக்கினம்" என்றாள். அதற்குள் அபிராமி படியிறங்கி மழைக்குள் ஓடிவிட்டாள்.

"அதுக்குக் கீழ நிக்காதேங்கோ. வெளியில வாங்கோ. அது நஞ்சு மரம்."

அவன் விளங்காமல் சிரித்தான். தற்செயல் நிகழ்ச்சியில் இது அடுத்த கட்டம் என்று நினைத்திருப்பான். அவள் அவனுடைய கையைப் பிடித்து இழுத்து வெட்டவெளிக்குக் கொண்டுவந்தாள். கடற்கரைக் குழாயைத் திறந்து அவனைக் குனியச் சொல்லி முதுகைக் கழுவினாள். காவலாளி சவர்க்காரம் கொண்டு ஓடிவந்தார். முதுகில் திட்டுத் திட்டாகச் சிவந்து எரிந்தது. பெருமழையில், ஊர் அறியாமல் பார்க்கவேண்டிய பெண், பார்க்கவந்தவனின் முதுகைச் சவர்க்காரம் போட்டுத் தேய்க்கிறாள். தாழ்வாரத்தில் இரண்டு தாய்மாரும் வாயில் கைவைத்து நிற்கிறார்கள். அக்காவின் அட்டவணை முடிந்தது. "நீங்கள் எந்த ஊர்?" என்று சுதனின் தாய் என் மனைவியிடம் கேட்டார். கேட்கவேண்டிய கேள்வி அது என்பதால், அந்த நேரத்திலும் கேட்டார். பரிமாறுகிறவர் உள்ளே ஓடிப்போய் இரண்டு மேசைகளையும் சேர்த்துப் போட்டார்.

அடுத்த நாட்களில் அவள் அவனுடைய முதுகுக்குக் களிம்பு பூசுவதும், இருவரும் மழை விட்ட மணலில் நடப்பதும், இரவுச் சாப்பாட்டுக்குப் பிந்தி வருவதுமாக இருந்தார்கள். அவனில் எனக்குக் குறை சொல்ல நிறைய இருந்தது. தமிழை அரைவாசி விழுங்கினான். கனடாக் குளிரைப் பற்றி, அதைத் தானே கட்டி எழுப்பியவன்போலப் பேசினான். ஆனால் அந்த மழைக்கு மறுநாள் காலை என்னிடம் வந்து, "அங்கிள், போர்ட்டை நான் வாசிச்சிருக்கவேணும். தாங்க்ஸ்" என்று சொல்லிவிட்டுப் போனான். வாசிக்காதவர்களில் அதை ஒப்புக்கொள்கிறவர்கள் குறைவு.

கடைசி இரவு நான் என் விசா விளக்கத்தைத் தொடங்கினேன். எந்த வகை, எங்கே விண்ணப்பிப்பது, எத்தனை மாதம். சுதன் மரியாதையாகக் கேட்டுக்கொண்டிருந்தான். தாய் தட்டைப் பார்த்தபடி இருந்தார். அபிராமிதான் இடையில் நிறுத்தினாள்.

"அப்பா, இவற்ற அப்பாவுக்குக் கிழமைக்கு மூண்டு தரம் டயாலிசிஸ். அதுதான் அவர் வரேல்லை. இவர் அவரை விட்டுட்டு வர ஏலாது. நான் போகலாம்."

தாம் மறைக்க நினைக்கவில்லை, நேரில் சொல்லத்தான் இருந்தோம் என்றார் தாய். நான் அதைக் கேட்டுக்கொண்டேன். கனடாவில் அவளுடைய தகுதியை ஏற்கப் பரீட்சைகள் எழுதவேண்டும், வருடங்கள் போகும், ஒழுங்குமுறைகளை நான் அறிவேன் என்றேன். தெரியும் அப்பா என்றாள். என் மனைவி என்னைப் போலச் சுற்றிவளைக்கவில்லை. "அப்ப எங்களுக்கு ஆர்?" என்று நேரே கேட்டாள்.

அபிராமி தாயின் கையைப் பிடித்தாள். "உங்களுக்கு ஒண்டும் நடக்காது அம்மா. அப்பா எல்லாப் பலகையையும் வாசிப்பார்."

அது பாராட்டா வேறேதுமா என்று நான் விசாரிக்கவில்லை. எந்தச் சுற்றறிக்கையிலும் அதற்குப் பதில் கிடையாது.

திங்கட்கிழமை காலை விமான நிலையத்தில் அவள் ரொறன்ரோ வரிசையில் நின்றாள். சுதனின் தகப்பனைப் பார்த்துவிட்டு, இரண்டு கிழமையில் மெல்பேர்ண் வந்து வேலையை விடும் கடிதம் கொடுப்பாள். நாங்கள் மற்ற வரிசையில் நின்றோம். மயாமி, லொஸ் ஏஞ்சலிஸ், பிறகு பசிபிக். திங்கள் இரவு ஏறி புதன் காலை இறங்கினோம். திகதிக்கோட்டைத் தாண்டும்போது செவ்வாய்க்கிழமை ஒன்று இல்லாமல் போய்விடுகிறது. அதற்கு எந்த விமானக் கம்பனியும் நட்டஈடு கொடுப்பதில்லை.

வீட்டுக்கு வந்து பெட்டியை இறக்கும்போது தொலைபேசி அடித்தது. அபிராமி. அங்கே செவ்வாய் பின்னேரம், இருட்டிவிட்டதாம். கார்த்திகை விளக்கீடு. வாசற்படியில் பனி, சுதன் குடை பிடிக்கத் தான் விளக்கேற்றுவதாகச் சொன்னாள். மனைவி தொலைபேசியை வைத்துவிட்டுச் சாமி அறைக்குள் போய் ஒரு சிட்டி விளக்கும் திரியும் எண்ணெயும் எடுத்துக்கொண்டு முன்வாசலுக்கு வந்தாள். எங்களுக்கு விளக்கீடு முடிந்துவிட்டது, அந்தச் செவ்வாயோடு வானத்தில் எங்கோ போய்விட்டது, பஞ்சாங்கப்படி இது பிழை என்றேன்.

"அங்க இன்னும் முடியேல்லைத்தானே" என்றாள்.

கிரான்பர்னில் முற்பகல் வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. எதிர்வீட்டுக்காரன் புல் வெட்டும் இயந்திரத்தை நிறுத்திவிட்டு எங்களைப் பார்த்தான். காற்று அடித்தபடியால் நான் குந்தியிருந்து இரண்டு கையாலும் சிட்டியை மறைத்துப் பிடித்தேன். அந்த வெளிச்சத்தில் சுடர் கண்ணுக்குத் தெரியவே இல்லை. எரிகிறதா என்று அறிவதற்கு உள்ளங்கையைக் கிட்டக் கொண்டுபோய்ச் சூடு பார்க்கவேண்டியிருந்தது. எரிந்துகொண்டுதான் இருந்தது.