மரத்த தோலில் வைத்த ஒத்தடம்

மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். மில் வாசலில் ஒரு குண்டானை வைத்துக்கொண்டு இட்லி விற்க உட்கார்ந்தேன். இன்றைக்கு எங்கள் உப்பளம் பகுதியில் என் சாப்பாட்டுக் கடையைத் தெரியாதவர் இருந்தால் அவர் வெளியூர்க்காரர். கொதிக்கிற சாம்பார் அண்டாவைத் துணி பிடிக்காமல் இறக்குவேன். பெருமைக்குச் சொல்லவில்லை, நடந்ததைச் சொல்கிறேன்.

அப்படிப்பட்டவளுக்குப் புற்றுநோய் என்று இடது மார்பை எடுத்தார்கள். அதைக்கூடத் தாங்கிக்கொண்டேன். ஜாக்கெட்டுக்குள் துணியைச் சுருட்டி வைத்துக்கொண்டு பரிமாறியதைத்தான் தாங்க முடியவில்லை. ஒரு நாள் குழம்பு ஊற்றக் குனிந்தபோது அது நழுவிவிட்டது. சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் பார்த்துவிட்டார். உடனே இலையைப் பார்த்துத் தலையைக் குனிந்துகொண்டார். அந்த ஆள் சிரித்திருந்தால் கரண்டியால் அடித்திருப்பேன். தோலுக்கு உள்ளே பை மாதிரி ஒன்றை வைத்து மார்பை மறுபடியும் உண்டாக்கலாம் என்று டாக்டரம்மா சொன்னதும் சரி என்றுவிட்டேன். இந்த வயதில் எதற்கு என்று மகள் கேட்டாள். நிமிர்ந்து நின்று பரிமாறுவதற்கு என்றேன்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. நரகம் அதற்கப்புறம்தான். கையைத் தோளுக்கு மேலே தூக்கக்கூடாது. குடம் கூடாது, துடைப்பம் கூடாது. ஒருக்களித்துப் படுக்க முடியாது. தலையணைகளை அடுக்கிச் சாய்ந்து, பாதி உட்கார்ந்த மாதிரியே தூக்கம். கையை ஊன்றி எழுந்தால் தையல் பிரிந்துவிடுமாம். எனக்குத் தலை வாரியதும் புடவை சுற்றியதும் என் நாத்தனார்தான். இறுக்கமான உள்பாடி மூச்சைப் பிடித்தது. உள்ளே வைத்தது குழவிக்கல் மாதிரி கனத்தது. மழை பெய்தால் சில்லிட்டுப் போகும். மேல்தோல் மரத்துக் கிடக்க, உள்ளே மட்டும் யாரோ கயிறு கட்டி இழுக்கிற மாதிரி இருக்கும். இதற்கு நடுவில், கடையில் சாம்பார் தண்ணியாகிவிட்டது என்று காதில் விழுந்தது. சுவரைப் பார்த்து அழுதேன்.

நாத்தனாருக்குப் பொறுக்கவில்லை.

"பால் கட்டிக்கினா உப்பு ஒத்தடம் குடுப்பமில்ல அண்ணி? இதுவும் மாருதான. எளகிப்பூடும்."

கல்லுப்பை வறுத்துத் துணியில் முடிந்து கொண்டுவந்து வைத்தாள்.

"சுடுதா அண்ணி?"

"எங்கடி சுடுது? அண்டா தூக்குன ஒடம்பு இது. இன்னும் நல்லா வறுத்துக் கொண்டா."

வறுத்துக் கொண்டுவந்தாள். மறுநாள் அவள் உள்பாடியைக் கழற்றிப் பார்த்தாள். கொப்புளம், நடுவில் வெளுத்த தோல். அது பிறகு கறுத்தது. எனக்கு வலிக்கவே இல்லை. வலித்திருந்தால் தேவலை.

டாக்டரம்மா திட்டவில்லை. ஆபரேஷனில் அந்த இடத்து நரம்பெல்லாம் போய்விட்டதாம், கொள்ளிக்கட்டையை வைத்தாலும் தெரியாதாம். வெந்த தோல் பிழைக்காவிட்டால் உள்ளே வைத்ததை எடுத்துவிட வேண்டும் என்றார். மாரியம்மனுக்கு வேண்டிக்கொண்டேன். மாதா கோயிலில் மெழுகுவத்தி ஏற்ற நாத்தனாரை அனுப்பினேன். கை தூக்காதே என்றார்கள், நான் விரலைக்கூட அசைக்கவில்லை. இருமல் வந்தால் வாயைப் பொத்தி விழுங்கினேன்.

அப்படியும் தையலோரம் பிரிந்து நீர் கசிந்தது. காய்ச்சல் வந்தது.

"எடுத்துடலாம்மா" என்றார் டாக்டரம்மா.

யாரிடமும் எதையும் கெஞ்சிப் பழக்கமில்லாத நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"வேணாம்மா. இன்னும் கொஞ்ச நாள் பாருங்க. நான் பொணம் மாதிரி கெடக்கறேன்."

விஷம் ரத்தத்தில் ஏறினால் உயிருக்கே ஆபத்து என்றார். எடுத்துவிட்டார்கள்.

மயக்கம் தெளிந்து பார்த்தபோது நாத்தனார் கிட்டே வராமல் கதவோரமாக நின்றிருந்தாள்.

"என்னாலதான அண்ணி" என்றாள்.

"நான் கேட்டேன், நீ வச்ச. வந்து தூக்கி வுடு, ஒக்காரணும்."

முதுகில் கை கொடுத்துத் தூக்கினாள். இடது பக்கத்தில் கனமே இல்லை. அவள் தோளில் முகத்தை வைத்துக்கொண்டு, வார்டே திரும்பிப் பார்க்கும்படி அழுதேன்.